தடிக்கும் ஒரு செருப்பு

அந்த யோசனை வந்தபோது நான் மருத்துவமனைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்து கிடந்தேன். என் புதுக் கைத்தடி இரண்டடி தள்ளிக் கிடந்தது. அதன் நுனியில், முந்தின நாள் பார்லித் தண்ணீர் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டியபடி இருந்தது. பக்கத்துக் கட்டில் நூர் அக்கா ஒரு கையால் மணியை அழுத்திக்கொண்டே, "மிஸ்ஸி, மிஸ்ஸி, பிள்ள விழுந்துடுச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மிஸ்ஸிகள் ஓடி வந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தடிக்குச் செருப்பு வேணும்" என்றேன்.

"தலையில அடி பட்டிருக்கு மிஸ்ஸி" என்றார் நூர் அக்கா. "ஏதோ ஒளறுது."

தலையில் அடிபடவில்லை. அன்று சொன்ன செருப்பை இன்று என் தடி போட்டிருக்கிறது. இந்த நோயில் படுத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும்தான்.

எனக்கு இருபத்து நான்கு வயது. ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடு, அம்மாவும் நானும் மட்டும். அம்மா வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறார். நான் கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் கணினிச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில் டெக்னீஷியன். எங்கள் வேலை கிளீன்ரூமில். ஒரு தலைமுடி, ஒரு துளி பவுடர், சட்டையிலிருந்து உதிரும் ஒரு பஞ்சு கூட உள்ளே போகக்கூடாத அறை அது. நுழைவதற்கு முன்னால் ஒரு நீளப் பெஞ்சு இருக்கும். அதில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி வெள்ளைக் காலுறை மாட்டி, அந்தக் காலைப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும். பிறகு அடுத்த கால். காலுறை மாட்டாத கால் அந்தப் பக்கத் தரையைத் தொடவே கூடாது. மூன்று வருடம் அப்படித் தாண்டித் தாண்டி, பெஞ்சுக்கு அந்தப் பக்கம்தான் என் இடம் என்று ஆகிவிட்டது. அங்கே ஓடும் இயந்திரங்களில் ஒன்றின் கோளாறுகளை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

நோய் உள்ளங்காலில் தொடங்கியது. வயிற்றுப்போக்கு வந்து சரியாகி பத்து நாள் இருக்கும். இரண்டு பாதமும் மரத்துப்போனது போலக் குறுகுறுத்தன. புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் தூக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அம்மா கீழ்வீட்டுக்காரர் காரில் என்னைப் பெரிய அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் நாற்காலி வரிசையில் நான்கு மணி நேரம். ஒரு டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறுபடி தட்டினார். என் கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்து அம்மா என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நோயின் பெயர் கியான்-பாரே. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பே ஆள் அடையாளம் தெரியாமல் நம் நரம்புகளைத் தாக்குவது. டாக்டர் ஹபீஸ் படம் போட்டு விளக்கினார். நான் அதை எனக்குத் தெரிந்த பாஷையில் அம்மாவுக்குச் சொன்னேன்: "வயர் இருக்குல்ல, அதுக்கு மேல பிளாஸ்டிக் உறை. அந்த உறைய நம்ம உடம்பே உரிச்சிடுது. அப்புறம் கரண்டு ஒழுங்கா போகாது."

"திரும்ப உறை வருமா?" என்றார் அம்மா.

"வரும். மெதுவா வரும்னு சொல்றாரு."

முதுகெலும்பின் அடியில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பக்கவாட்டில் படுத்து, முட்டியை மார்போடு மடக்கி, அசையாமல் இருக்க வேண்டும். பயந்த அளவு வலிக்கவில்லை. பிறகு கைகால்களில் சின்னச் சின்ன மின்சாரத் தட்டல் கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். அது விறுக் விறுக்கென்று இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. திரையில் வரும் கோட்டை எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டதில், அந்தப் பரிசோதகர் எனக்காகத் திரையைத் திருப்பி வைத்தார். பிறகு ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். யார் யாரோ தானம் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

இந்த நோயில் பயப்பட வேண்டியது காலுக்கு அல்ல. மேலே ஏறி நெஞ்சுத் தசையைப் பிடித்தால் மூச்சு நிற்கும். அதற்காக ஒரு சோதனை: மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் நாள் மலாயில் எண்ணி இருபத்தாறு வரை போனேன். அடுத்த நாள் இருபத்தொன்று. மூன்றாம் நாள் காலையில், டாக்டர் வருவதற்கு முன்னால் தனியாக எண்ணிப் பார்த்தேன். பதினாறில் மூச்சு தீர்ந்துவிட்டது. பயத்தில் ஒரு தந்திரம் செய்தேன். மலாய் எண்கள் எதுவும் இரண்டு அசைக்குக் குறையாது. ஆங்கிலத்தில் பத்து வரை பெரும்பாலும் ஒரே அசை. ஆங்கிலத்தில் கடகடவென்று எண்ணினால் இருபதைத் தாண்டலாம். டாக்டர் வந்ததும் அவர் முன்னால் அப்படியே எண்ணித் தாண்டினேன்.

டாக்டர் ஹபீஸ் எழுதவில்லை. பேனாவை மூடினார். நேற்று எந்த மொழியில் எண்ணினாய் என்று கேட்டார். நான் மேலே விசிறியைப் பார்த்தேன். "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் அவரே ஆரம்பித்துவைத்தார். பதினைந்தில் நின்றேன். அரை மணி நேரத்தில் என்னைத் தீவிரக் கண்காணிப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு நாள். குழாய் போடும் அளவுக்குப் போகவில்லை. பதினான்கோடு இறங்குவது நின்றது. என் தந்திரம் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அளவு பிடிக்கவில்லை என்பதற்காக அளவுகோலை மாற்றக்கூடாது என்பது தொழிற்சாலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அங்கே மறக்காதவள் இங்கே மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் முதல் ஏறுமுகம். சக்கர நாற்காலி, பிறகு நான்கு கால் கம்பிச் சட்டம், பிறகு கைத்தடி. வலது கால் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிட்டது. இடது பாதத்தை மட்டும் மேலே தூக்க முடியவில்லை. கீழே அழுத்த முடியும், தூக்க முடியாது. நடந்தால் விரல் நுனி தரையில் இடறும்.

தடி தந்தவர் பிசியோதெரபிஸ்ட் கவிதா அக்கா. தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் கடல் தாண்டி வருபவர். அலுமினியத் தடி, உயரம் கூட்டிக் குறைக்க வரிசையாக ஓட்டைகள், நுனியில் சாம்பல் நிற ரப்பர். நான் ஆசையாக இடது கையில் வாங்கினேன்.

"எந்தக் கால் மக்கர்?" என்றார்.

"இடது."

"அப்ப தடி வலது கையில. எல்லாரும் இதே தப்புதான். இடது கால் முன்ன போகும்போது தடியும் கூடப் போகணும். ரெண்டும் சேந்து பாரத்த வாங்கிக்கும். கைய தொங்கப் போடு, மணிக்கட்டு ரேகைக்கு நேரா கைப்பிடி வரணும். செருப்பு போட்டுக்கிட்டு நில்லு, அப்பதான் அளவு சரி."

அன்று பத்து அடி நடந்தேன். நூர் அக்கா கட்டிலிலிருந்தே கை தட்டினார்.

நூர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர் வீட்டுக்காரருக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. பக்கவாதம் வந்து இரண்டாவது முறை படுத்திருக்கிறார். ஆனால் அவர் கட்டிலருகே சாய்த்திருந்த தடியைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது: கறுப்பு மரம், பித்தளைக் கைப்பிடி, கைப்பிடிக்குக் கீழே அன்றைய தலைத்துணிக்குப் பொருத்தமான நாடா.

"இது வெளித்தடி மா" என்றார். "வீட்டுக்குள்ள தொழுகுற எடத்துக்கு வேற ஒண்ணு வெச்சிருக்கேன். ரோட்டுல ஊணுனத உள்ள கொண்டு போக மனசு வராது."

"ரெண்டு தடியா? வாசல்ல எப்படி மாத்துவீங்க?"

"அதான் கஷ்டம். ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண எட்டி எடுக்கிறதுக்குள்ள செவுத்த புடிச்சு ஒரு டான்ஸ் ஆடணும்லா."

முரளி அண்ணே வந்தது அந்த வாரத்தில்தான். என் ஷிப்டின் தலைவர். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார், கட்டிலில் கிடந்த தடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆரஞ்சை உரிக்கவும் செய்தார். எதையோ சொல்ல வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"டாக்குமெண்ட் ரூம்ல ஒனக்கு ஒரு சீட் பாத்திருக்காங்க. ஏசி, ஒக்காந்த வேலை."

"நான் லைனுக்குத்தான் வருவேன் அண்ணே."

"தங்கச்சி, இத எப்படி உள்ள விடுவாங்க? வெளிய ஊணுன ரப்பர். தூசி. இந்த ஓட்டைக்குள்ள என்னென்ன இருக்கோ. நிலைமின்சாரம் வேற, பட்டா சில்லு செத்துடும். கால்ல போடுற சப்பாத்துக்கே தினம் டெஸ்ட் வெக்கிறவங்க."

"தடி இல்லாம வந்தா?"

"தடி இல்லாம வர முடிஞ்சா வா. நானே கதவத் தெறந்துவிடுறேன்."

இடது பாதம் எப்போது தூக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம், ஒருவேளை கொஞ்சம் மிச்சம் நிற்கவும் செய்யும். அதுவரை என் இயந்திரத்தை வேறு யாரோ பார்ப்பார்கள், நான் கோப்புகளுக்கு எண் போடுவேன். முரளி அண்ணே போன பிறகு ஆரஞ்சைச் சாப்பிட முடியவில்லை. நூர் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை அம்மா வந்தபோது தடி என் பக்கத்தில் மெத்தைமேல் கிடந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கக்கூஸ் தரையில ஊணுனத தலமாட்டுல வெச்சிருக்கியே. செருப்ப அப்படி வெப்பியா?"

"கீழ வெச்சா குனிஞ்சு எடுக்க முடியாதும்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார். எனக்கு வாங்கி வந்த பார்லித் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினார். அந்தப் பிளாஸ்டிக் பையைக் கழுவி, உதறி, தடியின் நுனியில் மாட்டி, அதே ரப்பர் வளையத்தால் இறுக்கினார். பிறகு தடியை அவரே மெத்தைமேல் வைத்தார். "இப்ப வெச்சுக்கோ."

சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே எங்கள் பெஞ்சும் வெள்ளைக் காலுறையும் ஞாபகம் வந்தன. அம்மா தெரியாமலே தடிக்குக் காலுறை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை, யாரையும் கூப்பிடாமல் நானே எழுந்து முகம் கழுவப் போகலாம் என்று அவசரப்பட்டேன். பையைக் கழற்ற மறந்துவிட்டேன். துடைத்து இன்னும் காயாத தரையில் பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போனது, நானும் அதன் பின்னாலேயே போனேன். முதலில் சொன்ன காட்சி இதுதான்.

எலும்பு முறியவில்லை. இடுப்பில் ஊதா நிறத்தில் ஒரு பெரிய கன்றல். மிஸ்ஸி என் மணிக்கட்டில் விழும் ஆபத்துள்ளவர் என்பதற்கான பட்டை கட்டிவிட்டார். தடியைக் கவிதா அக்கா எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் மறுபடி கம்பிச் சட்டம். டாக்குமெண்ட் ரூம் நாற்காலி இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது போலிருந்தது.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் அம்மா உள்ளே வரவில்லை. தூக்குச் சட்டி மட்டும் மிஸ்ஸி கையில் வந்தது. சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தானே கட்டுனேன்" என்றார்.

"கழட்டாம எந்திரிச்சது நான். அதுவும் இல்ல, யார் கட்டுனாலும் யாராச்சும் ஒரு நாள் மறக்கத்தான் செய்வாங்க. மறந்தா விழுற மாதிரி ஒண்ண செஞ்சதுதான் தப்பு. மறந்தா தரை அழுக்காகணும், அவ்வளவுதான் ஆகணும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல பழைய ஜப்பான் சிலிப்பர் இருக்கா?"

"ஆஸ்பத்திரிக்குச் செருப்பு தூக்கிட்டு வரணுமா?"

"கழுவிட்டுத்தான். அப்புறம் சாமான் கடையில நாற்காலிக் காலுக்குப் போடுற ரப்பர் மூடி, தடி ரப்பர விட ஒரு அளவு பெருசு. உங்க திரைச்சீலைக் கத்தரி, கெட்டி ஊசி."

மறுநாள் அம்மா எல்லாவற்றையும் கொண்டுவந்தார். யோசனை இவ்வளவுதான்: தடியின் சொந்த ரப்பர் உள்ளே சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் பெரிய ரப்பர் மூடி. அதுதான் தடியின் செருப்பு. மூடியின் பக்கத்தில் சிலிப்பரின் அடிப்பாகத்தை நாக்கு போல வெட்டித் தைத்துவிட்டோம். வாசலில் அந்த நாக்கைக் காலால் மிதித்துத் தடியை மேலே இழுத்தால் செருப்பு கழன்றுவிடும். குனிய வேண்டாம். போட்டிருந்தாலும் வழுக்காது, கழற்றினாலும் வழுக்காது.

முதலில் செய்தது நடைக்கூடத்தின் பாதியில் தானாகவே கழன்றுவிட்டது. நல்லவேளை, தடியை ஊன்றி நடந்துகொண்டிருந்தது கவிதா அக்கா. இரண்டாவது இறுக்கமாக இருந்தது. மிதித்து இழுத்ததில் தையல் பிய்ந்தது. மூன்றாவதற்கு அம்மா நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டார். கவிதா அக்கா தரையில் தண்ணீர் தெளித்து, தடியில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து, பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"ஒண்ணு பாத்தியா?" என்றார் திடீரென்று. "நான் அளவெடுத்தது நீ செருப்போட நிக்கிறப்ப. வீட்டுல வெறுங்கால். அப்ப தடி உசரம் கூடிடும். எல்லாருக்கும் இதச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இதுல ரெண்டு பேரும் ஒண்ணா செருப்பக் கழட்டுறீங்க. உன் செருப்பு கனம்தான் இதுக்கும். உசரம் அப்படியே நிக்குது பாரு."

நான் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் யோசித்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எந்தக் காலால மிதிக்கப் போற?"

"இடது கால். அதுக்குத் தூக்கத்தான் தெரியாது, அழுத்தத் தெரியும்."

"சரி. இன்னொரு கை வாசல் கேட்டப் புடிச்சிருக்கணும். புடிக்காம கழட்டுனேன்னு கேள்விப்பட்டா மறுபடி சட்டம்தான்."

நூர் அக்கா எனக்கு ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார். போகும்போது பித்தளைத் தடியை என் கட்டிலில் தட்டினார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு வை. கறுப்பா இருக்கட்டும். சிலிப்பர் நாக்கு மட்டும் பச்ச வேணாம், என் தடிக்கு எடுக்காது."

ஏழாவது வாரம் வீடு திரும்பினேன். மின்தூக்கியிலிருந்து எங்கள் வாசலுக்கு முப்பத்தோரு அடி, எண்ணிக்கொண்டே வந்தேன். இரும்புக் கேட்டை இடது கையால் பிடித்தேன். என் செருப்பைக் கழற்றினேன். பிறகு ஏழு வாரமாக ஒன்றுக்கும் உதவாதிருந்த இடது பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து வைத்து, நாக்கை மிதித்தேன். தடியை இழுத்தேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். சுத்தமான நுனியோடு தடி மேலே வந்தது. நான் உள்ளே போனேன், தடியும் உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தபோது அம்மா குனிந்து, வாசலில் இருந்த செருப்பு வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தன் செருப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, என் இரண்டு செருப்புக்கும் பக்கத்தில் தடியின் செருப்பை நேராக வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஊரெல்லாம் நடந்து பார்த்தேன். பழைய கடை வீடுகளின் ஐந்தடி நடைபாதைதான் நல்ல சோதனை. ஒவ்வொரு கடைக்கும் தரை ஒரு உயரம், மழை பெய்தால் ஓடெல்லாம் கண்ணாடி. இரண்டு முறை தடுமாறினேன், விழவில்லை. நூர் அக்காவின் கறுப்புச் செருப்பைக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் மிதித்து, இழுத்து, உள்ளே ஒரு நடை போய்த் திரும்பினார். "இனி அந்த இன்னொரு தடி குடை ஸ்டாண்டுக்குத்தான்" என்றார்.

படங்கள் எடுத்து முரளி அண்ணேவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். பதிலே வராது. ஒரு நாள் மாலை வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு சாம்பல் ரப்பர்த் துண்டு. எங்கள் மேசைகளில் விரிக்கும், நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் விரிப்பின் கழிவு.

"இதுல நுனி செஞ்சு பாரு. பாதுகாப்புப் பிரிவுல பேசிட்டேன். பெஞ்சு அறையில மட்டும், பத்து நிமிஷம். உள்ள இல்ல. டெஸ்ட் பாஸ் ஆனா மேல பேசலாம்னு சொல்லியிருக்காங்க."

"பாஸ் ஆகலன்னா?"

"டாக்குமெண்ட் ரூம்ல ஏசி நல்லாருக்கும்லா" என்றார். சிரித்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனை. தடியின் ஓட்டைகளை எல்லாம் நாடா போட்டு மூடிவிட்டேன். சாம்பல் ரப்பரில் நுனி வெட்டிப் பொருத்தியாகிவிட்டது. பருத்தி வேண்டாம், பஞ்சு உதிரும் என்று சொன்னதால், அம்மா பாலியெஸ்டர் திரைச்சீலைத் துணியில் நுனி ரப்பர் மட்டும் வெளியே தெரிய, தடி முழுவதுக்கும் ஒரு வெள்ளை உறை தைத்திருக்கிறார். நூல் முனை வெளியே தெரியாமல் மடித்துத் தைத்த தையல். எங்கள் உடுப்புத் தையலைவிட நன்றாக இருக்கிறது. கூடத்தில் சாப்பாட்டு மேசைப் பெஞ்சைப் போட்டு தினமும் தாண்டிப் பழகுகிறேன். வலது கால், காலுறை, அந்தப் பக்கம். இடது காலைக் கையால் தூக்கி, காலுறை, அந்தப் பக்கம். கடைசியில் தடி, செருப்பைக் கழற்றி, அந்தப் பக்கம். பிறகு எழுந்து, இரண்டு காலையும் சோதனைத் தட்டில் வைத்து, தடியையும் ஊன்றி, பொத்தானைத் தொட வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்தால் மேலே பேசுவார்கள். சிவப்பு எரிந்தால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கவில்லை, ரப்பர் கனம் கூடிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய நுனி ஒன்றையும் வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் இரண்டையும் சோதித்துவிடலாம்.